கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குவது எப்படி? சூட்சுமம் முழங்கையில் இருக்கிறது

தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது குப்புற. கைக்குழந்தைக்கு இரண்டுமே தேவை. குப்புறத் தூங்க வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் சொன்னது, 1994-இல் அது நாடு தழுவிய பிரசாரமானது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் தலையின் பின்பக்கம் தட்டையான குழந்தைகள் அதிகமானார்கள். நாள் முழுக்க மல்லாக்கவே கிடந்தால் மண்டையின் ஒரே இடம் அழுந்துகிறது, கழுத்துக்கும் தோளுக்கும் வேலையே இல்லை. அந்த வேலையைக் கொடுப்பதற்குத்தான் 'டம்மி டைம்' (tummy time), அதாவது விழித்திருக்கும் குழந்தையைக் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைக்கும் பயிற்சி.

"எங்கள் குழந்தைக்கு இது பிடிக்கவில்லை, படுக்க வைத்ததுமே அழுகிறது" என்று பலரும் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் குழந்தையின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னால், இடுப்போரம் கிடக்கும். கையை ஊன்றாமல் தலையைத் தூக்கச் சொன்னால் பெரியவர்களுக்கே கழுத்து வலிக்கும். பழக்கத்தின் பாதி, முழங்கையைச் சரியான இடத்தில் வைப்பதுதான்.

எப்போது தொடங்கலாம், எவ்வளவு நேரம்?

நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு, வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே தொடங்கலாம். முதல் வாரங்களில் ஒரு தடவைக்கு 1 அல்லது 2 நிமிடம் போதும். பிறகு 3 முதல் 5 நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. 7 வாரம் ஆகும்போது எல்லாம் சேர்த்து 15 முதல் 30 நிமிடம் வந்தால் நல்லது. இன்னும் நகரத் தொடங்காத குழந்தைகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல தடவையாகப் பிரித்து, என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. மலைக்க வேண்டாம். டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எட்டு தடவைக்கே 16 நிமிடம் வந்துவிடும்.

தொப்புள்கொடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டயப்பரின் மேல் விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள். அந்த இடம் சிவந்தோ கசிந்தோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

இடமும் நேரமும்

தரைதான் சரியான இடம். கனமான விரிப்பையோ, இரண்டாக மடித்த போர்வையையோ சுருக்கமில்லாமல் விரியுங்கள். மெத்தையும் சோபாவும் வேண்டாம். மெத்தென்ற பரப்பில் முழங்கை அமிழ்ந்துவிடும், ஊன்ற முடியாது. அதைவிட முக்கியம், முகம் புதைந்தால் மூச்சு அடைபடும். வழுக்கும் துணியும் ஆகாது. கையும் காலும் வெறுமையாக இருக்கட்டும், காலுறையும் கையுறையும் கழன்றிருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும்.

பால் குடித்து 20 முதல் 30 நிமிடம் போகட்டும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் முயன்றால் அழுகைதான் மிஞ்சும். தூங்கி எழுந்து தெளிவாக விழித்திருக்கும் நேரம் உத்தமம்.

முதல் கட்டம்: உங்கள் மார்பின் மேல்

தலையணைகளில் பாதி சாய்ந்து உட்காருங்கள். குழந்தையை மார்போடு மார்பாகப் படுக்க வையுங்கள், ஒரு கை முதுகில் இருக்கட்டும். நீங்கள் எவ்வளவு நிமிர்ந்து இருக்கிறீர்களோ அவ்வளவு எளிதாகக் குழந்தை தலையைத் தூக்கும். சாயச் சாய தலையின் பாரம் கூடும், வேலையும் கூடும். ஆகவே முதல் வாரம் நன்றாக நிமிர்ந்தபடி, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கே கண் சொக்கினால் குழந்தையை எடுத்து அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள்.

மடியில் குறுக்காகப் படுக்க வைப்பதும் இதே கணக்குத்தான். மார்பு இருக்கும் பக்கத்துத் தொடையைச் சற்று உயர்த்திக்கொண்டால் குழந்தைக்குச் சுலபம். ஏப்பம் வராமல் நெளியும் குழந்தைகளுக்கு இந்த நிலை பிடித்துப்போகும்.

இரண்டாம் கட்டம்: தரையில்

1. குழந்தையை முதலில் மல்லாக்கக் கிடத்துங்கள். மேலிருந்து அப்படியே குப்புறப் போட்டால் திடுக்கிட்டுக் கைகளை விரித்துவிடும்.

2. இடுப்பைப் பிடித்து மெதுவாக ஒருக்களித்துத் திருப்பி, பிறகு குப்புறக் கொண்டுவாருங்கள். அடியில் சிக்கிய கையை மார்புப் பக்கமிருந்து முன்னால் எடுத்துவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

3. முழங்கைகள் தோளுக்கு நேர்கீழே, அல்லது ஒரு விரற்கடை முன்னே இருக்கட்டும். கை பின்னால் நழுவும்போதெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.

4. அப்படியும் தலை எழவில்லையா? ஒரு சிறு துண்டை உங்கள் மணிக்கட்டின் தடிமனுக்குச் சுருட்டி, குழந்தையின் அக்குளோடு சேர்ந்தாற்போல் மார்புக்கடியில் வையுங்கள். கைகள் சுருளுக்கு முன்னே வர வேண்டும். சுருள் வயிற்றுக்கு நழுவினால் பால் கக்கும். தாடையில் முட்டினால் கழுத்து மடங்கி மூச்சுக்கு இடைஞ்சலாகும்.

5. பிட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, பாதங்களின் பக்கமாக லேசாக அழுத்துங்கள். தலைப் பக்கம் இருந்த பாரம் பின்னால் போய், தலை சட்டென்று எழுவதைப் பார்க்கலாம். அழுத்தம் மெல்லியதாக இருக்க வேண்டும், முதுகில் கை படக் கூடாது.

6. நீங்களும் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். பச்சிளங்குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் அதுதான். நின்றுகொண்டு கூப்பிட்டால், முடியாத உயரத்துக்கு அது தலையை அண்ணாக்க வேண்டும். கிலுகிலுப்பையும் முதலில் தரையோடு தரையாகவே இருக்கட்டும்.

7. முகத்தை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். இரு பக்கமும் தலை திரும்புகிறதா என்பது இங்கேதான் தெரியும்.

நெற்றியைத் தரையில் சாய்ப்பது, கை விரலைத் தேடிச் சப்புவது, மூக்கைத் தேய்ப்பது எல்லாம் களைப்பின் அடையாளங்கள். அப்போதே முடித்துவிடுங்கள், அழுகைக்குக் காத்திருக்க வேண்டாம். முனகலும் சிணுங்கலும் வேறு. அது உழைப்பின் சத்தம். இடத்தை மாற்றியோ பேச்சுக் கொடுத்தோ பத்து விநாடி பார்க்கலாம். முடிக்கும்போது தூக்கிவிடாமல், பழையபடி ஒருக்களித்து மல்லாக்கத் திருப்புங்கள். புரள்வது எப்படி என்பதை உடம்பு அப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

எங்கே தவறுகிறது?

பால் கக்கினால் இடைவெளியைக் கூட்டுங்கள், தரையை விட்டு மார்புக்கே சில நாள் திரும்புங்கள். அப்படியே தூங்கிவிட்டால் உடனே மல்லாக்கத் திருப்புங்கள். ஒரு நிமிடம்தானே என்று விட்டுவைக்காதீர்கள், அறையை விட்டு நகரவும் கூடாது. மூன்று மாதம்வரை பழக்காமல் விட்டிருந்தால் வயதைப் பார்த்துத் தரையில் தொடங்காமல், மார்பின் மேலிருந்தே வாருங்கள்.

எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்க்கும் குழந்தையைக் கவனியுங்கள். கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கலாம், தலை திரும்பிக் கிடக்கும் பக்கத்து மண்டையும் தட்டையாகும். திரும்பாத பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், விளையாட்டுப் பொருளை அங்கே வைக்கலாம். கையால் தலையைப் பிடித்துத் திருப்பாதீர்கள். சில நாளில் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே பயிற்சி கிடைத்தால் எளிதில் சரியாகும் விஷயம் இது.

மாதத்துக்கு மாதம்

முதல் மாதத்தில் தலையை ஒரு நொடி எழுப்பி மறுபக்கம் திருப்பினாலே போதும். இரண்டு மாதத்தில் தலை சற்று நேரம் நிற்கும். நான்கு மாதத்தில் முழங்கையை ஊன்றி மார்பையும் எழுப்பும். ஆறு மாதத்தில் கையை நீட்டி ஊன்றும், குப்புறக் கிடந்து மல்லாக்கப் புரளும். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவம், கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும் இந்தக் கோலம்தான்.

குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கைத் திருத்திப் பாருங்கள். 32 வாரத்தில் பிறந்திருந்தால் 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. பிறந்து 4 மாதமானாலும் 2 மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதையே எதிர்பாருங்கள். குறைமாதமோ, அறுவை சிகிச்சையோ, இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

மூன்று மாதம் முடிந்தும் தலையைத் தூக்கவே முயலாதது, உடம்பு துவண்டோ விறைத்தோ இருப்பது, ஒரு கையை மட்டுமே ஊன்றுவது ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு திணறினாலோ அது அவசர நிலை.

புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்த அன்றே, துணியில் கையோடு சேர்த்துச் சுற்றித் தூங்க வைப்பதை நிறுத்திவிடுங்கள். கை கட்டுண்ட குழந்தை குப்புறப் புரண்டால் திரும்ப முடியாது. தொடர்ந்து மல்லாக்கவே படுக்க வையுங்கள். இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பிக்கொண்டால், விடிய விடிய எழுந்து திருப்ப வேண்டியதில்லை. படுக்கையில் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.