கொசு மேடையேறும்போது

மொரிசியசில் 1867-இல் ஊரையே வாரிக்கொண்டு போன மலேரியாவை நாடகமாக்க நம் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. கோயில் மண்டபத்து ஒத்திகைக்குப் போனால் எப்படியும் ஒரு காட்சி இருக்கும்: தோட்டத்துக் கிழவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குவார், டாக்டர் வந்து, "எல்லாம் கொசு செய்த வேலை!" என்பார்.

அங்கேதான் சறுக்குகிறது. அன்றைய டாக்டர்கள் பழி போட்டது சதுப்புநிலத்துக் கெட்ட காற்றின் மேல். இத்தாலிய மொழியில் 'மலேரியா' என்றாலே அதுதான் பொருள். போர்ட் லூயிஸில் வசதி இருந்தவர்கள் நல்ல காற்றைத் தேடி கியூர்பிப் மேட்டுக்குக் குடிபோனார்கள். மேட்டுக் குளிரில் கொசு குறைவு, அதனால் பிழைத்தார்கள். காரணம் தப்பு, பலன் சரி. இப்படி ஒரு காட்சி கையில் இருக்கும்போது டாக்டரை எதற்கு ஞானியாக்க வேண்டும்?

மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று பிற்பாடு இந்தியாவில் கண்டுபிடித்த டாக்டர் ரொனால்ட் ராஸையே ஒரு குழு 1867-இல் கொண்டுவந்து நிறுத்தியது. அப்போது அவருக்குப் பத்து வயது! அவர் இந்தத் தீவுக்கு வந்தது 1907 கடைசியில்.

சரி, ராஸ் வந்தால் அடுத்த தவறும் கூடவே வரும். புகை, நீல விளக்கு, "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று ஒரு கத்தல். ஆனால் அவர் இரண்டு வருடம் வேறு இனக் கொசுக்களை அறுத்துப் பார்த்து ஏமாந்தவர். செகந்திராபாத் வெயிலில் பங்காவை, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறியை, இழுத்தால் கொசு பறந்துவிடும். அதனால் அதை இழுக்காமலே இருந்து, வியர்வை வழிந்து நுண்ணோக்கியின் திருகாணியே துருப்பிடித்தது. மேடையில் ஒரு மேசை, ஒரு துண்டு, ஆடாத பங்கா போதும். 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியின் தடயத்தைப் பார்த்தார். அது எப்படிப் பரவுகிறது என்பதை மறுவருடம் கல்கத்தாவில் பறவைகளை வைத்துத்தான் காட்ட முடிந்தது. கத்த நேரம் ஏது?

அப்புறம் ஹுசைன் கான். ராஸின் சோதனைக்காக, கொசுக்கடி ஒன்றுக்கு ஓர் அணா வாங்கிக்கொண்டு தன் உடம்பையே கொடுத்த நோயாளி. எந்த நாடகத்திலும் அவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்தான் கதாநாயகன்.

கொசு வேஷம் மட்டும் எப்போதும் மீசைக்காரப் பையனுக்கே போகிறது. கடிப்பது பெண் கொசுதானே! மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் உட்காரும்போது தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, சாய்வாக நிற்கும். போன ஒத்திகையில் ஒரு சின்னப் பெண் அப்படியே நின்று காட்டினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிவிட்டார்கள். இவளுக்கு வசனம் வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பாடப்புத்தகத்தைப் பார்த்து.