விழாவுக்குப் பாட்டோ படமோ கூத்தோ எடுக்கிறீங்களோ? கேட்டு, காசு குடுத்துச் செய்யிற விதம்

வன்னியில ஒரு கோயில் திருவிழா, ஸ்கூல் விழா, விளையாட்டுக்கழக ஆண்டுவிழா எண்டா பந்தல்காரருக்குக் காசு, சவுண்ட்காரருக்குக் காசு, ஜெனரேற்றருக்கு டீசல் காசு, எல்லாம் முதல்லயே ஒதுக்கிப்போடுவம், ஆனா பாட்டு எழுதினவருக்கும் படம் கீறினவருக்கும் கூத்தாடினவைக்கும் மட்டும் ஒரு பொன்னாடையும் மாலையும்தான். இது சரியில்லை. அவையும் அரிசி பருப்பு காசு குடுத்துத்தான் வாங்கினம்.

அதால முதல் வேலை, பட்ஜெட் எழுதேக்கயே கலைஞருக்கெண்டு ஒரு வரி போடுங்கோ, மிஞ்சினாப் பாப்பம் எண்டு விட்டா ஒருநாளும் மிஞ்சாது.

அடுத்தது கேக்கிறது. ஃபேஸ்புக்கில கிடந்த படம் பொதுச்சொத்து எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடி இல்லை. இலங்கையில 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருத்தர் படைச்ச உடனயே உரிமை அவருக்கு வந்திடும், எங்கயும் பதியத் தேவையில்லை, அவர் உயிரோட இருக்கிற காலமும் செத்தாப்பிறகு 70 வருசமும் அது இருக்கும். "நன்றி: இணையம்" எண்டு கீழ போட்டா அனுமதி எடுத்ததாகாது.

கேக்கிறது பெரிய வேலையில்லை, வட்சப்பில இப்பிடி ஒரு மெசேஜ் காணும்: "அண்ணை, நீங்கள் எடுத்த இரணைமடுக் குளப் படத்தை எங்கட விழா மலர் முன்னட்டைக்குப் போட விருப்பம், 300 கொப்பி அடிக்கிறம், ஃபேஸ்புக்கிலயும் ஒருக்காப் போடுவம், வேற ஒண்டுக்கும் பாவிக்கமாட்டம், எவ்வளவு காசு, பேரை எப்பிடிப் போடுறது?" எதுக்கு, எத்தினை, எங்க எண்ட மூண்டும் அதில இருக்கோணும். பிறகு அதே படத்தை ரீசேட்டில அடிக்கிறதெண்டா திரும்பக் கேளுங்கோ. வெட்டி ஒட்டி நிறம் மாத்திறதெண்டாலும் கேளுங்கோ. காசு குடுத்து வாங்கினாலும் பேர் போடாம விடேலாது, பேர் போடச்சொல்லிக் கேக்கிற உரிமை படைச்சவரிட்டத்தான் கிடக்கும்.

கூத்துத்தான் கொஞ்சம் சிக்கல். முல்லைத்தீவுப் பக்கம் முல்லைமோடி எண்ட ஆட்டமுறையில ஆடுற கோவலன் கூத்தை எடுங்கோ, கதை ஆதிகாலத்துக் கதை, அதுக்கு இண்டைக்கு ஒருத்தரும் சொந்தம் கொண்டாடேலாது, ஆனா போன வருசம் ஒரு அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கிற ஆசிரியர், புதுசா எழுதிச் சேர்த்த பாட்டு அவற்ற சொத்து. அதோட மேடையில ஆடுறவைக்கும் சட்டத்தில தனி உரிமை இருக்கு, நேரடியா ஃபேஸ்புக் லைவ் விடுறதுக்கும் வீடியோ எடுத்து யூடியூப்பில போடுறதுக்கும் அவையிட்டச் சம்மதம் வாங்கோணும். ஆட்டத்துக்குக் குடுத்த காசு வீடியோவுக்கும் சேர்த்தெண்டு நீங்களா நினைக்கக்கூடாது. கணக்குப் பாக்கேக்க அண்ணாவியார், மத்தளம், தாளம், பிற்பாட்டு, ஒப்பனை, உடுப்பு வாடகை, வான் கூலி, மாசக்கணக்காப் பின்னேரங்களில வந்து பழகின பொடியள், எல்லாரையும் எண்ணுங்கோ. வரமுதல் பாதிக்காசு, ஆட்டம் முடிஞ்ச அண்டைக்கே மிச்சம். விடியப்புறம் களைச்சுப்போய் நிக்கிற மனிசரை "பிறகு வாங்கோ" எண்டு அலைக்கழிக்கிறது பெரிய பாவம்.

யூடியூப் செய்யிற பொடியளுக்கு: சினிமாப் பாட்டைப் பின்னால போட்டா கொன்ரென்ற் ஐடி எண்ட, பாட்டைத் தானா அடையாளம் காணுற யூடியூப்பின்ர முறை பிடிக்கும், விளம்பரக் காசு பாட்டு உரிமைக்காரருக்குப் போகலாம், அதைவிட உரிமைக்காரர் முறைப்பாடு செய்து வீடியோவை எடுப்பிச்சா ஸ்ரைக் எண்ட எச்சரிக்கை வரும், 90 நாளுக்குள்ள அப்பிடி மூண்டு வந்தா சனலே போயிடும். யூடியூப் ஓடியோ லைப்ரரியில இலவச மியூசிக் கிடக்கு, ஆனா கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் கீபோட் வச்சு நல்லா மெட்டுப்போடுற பிள்ளையள் இருக்கினம், ஒரு சின்னத் தொகை குடுத்து அவையிட்டச் செய்விச்சா அந்தக் காசு ஊருக்குள்ளயே நிக்கும்.

வெளிநாட்டில இருந்து விழாப்பாட்டு எழுதித்தரச்சொல்லிக் கேக்கிற உறவுகளே, நீங்கள் அங்க ஹோலுக்கும் சாப்பாட்டுக்கும் குடுக்கிறதோட பாத்தா இஞ்சத்தைக் கவிஞருக்கு அனுப்பிற காசு பெரிசில்லை, பாட்டுக் கைக்கு வரமுதலே பாங்கில போடுங்கோ.

சிலபேர் கூச்சத்தில "காசு வேண்டாம் தம்பி" எண்டுவினம். ஒருக்காச் சொன்னதை வச்சு விட்டிடாதேங்கோ, திரும்பக் கேளுங்கோ, உண்மையாவே வேண்டாமெண்டா அதையும் மெசேஜில எழுதிவிடச் சொல்லுங்கோ. காசு போட்ட சிலிப்பையும் அதே வட்சப்பில அனுப்பி, கமிட்டிக் கொப்பியிலயும் ஒட்டி வையுங்கோ, அடுத்த வருசம் தலைவர் செயலாளர் மாறினாலும் ஆருக்கு எவ்வளவு குடுத்தது, எதுக்கு அனுமதி கிடந்தது எண்டு புதுசா வாறவைக்குத் தெரியோணும்.