இரண்டு பானைக் கணக்கு: தென்னாப்பிரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

என் மாமா டர்பனில் ஆடைத் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் உழைத்தவர். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் ஓய்வுக்காலத்துக்கான ஃபண்டில் சேர்ந்த பணத்தை மொத்தமாக எடுத்துவிடுவார். ஒரு தடவை கூரை ஒழுகியது, ஒரு தடவை மகள் கல்யாணம். எதுவும் வீண் செலவு இல்லை. ஆனாலும் இன்று அவர் கைக்கு வருவது அரசின் முதியோர் உதவித்தொகை மட்டும்தான். வேலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் இரண்டு பானைக் கணக்கை, அதாவது ஓய்வுக்காலப் பணத்தை இரண்டு பங்காகப் பிரித்து வைக்கும் முறையை, விடாமல் பேசுவது அவரால்தான்.

முதலில் உங்கள் பேஸ்லிப்பை எடுங்கள். பிடித்தங்களில் பென்ஷன் ஃபண்ட் அல்லது பிராவிடென்ட் ஃபண்ட் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். யூஐஎஃப் என்று இருப்பது வேறு. அது வேலை போனால் கைகொடுப்பது. ஃபண்ட் வரியே இல்லையென்றால் முதலாளி ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம், ஃபண்ட் வைத்தே ஆக வேண்டும் என்று எல்லா முதலாளிகளுக்கும் சட்டம் இல்லை. அப்போது நீங்களே ஒரு ரிடையர்மென்ட் ஆன்யூட்டி, அதாவது சொந்தமாகப் பணம் போடும் ஓய்வுக்கால ஃபண்ட், தொடங்கலாம். சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்கும் அதுதான் வழி. வருமானத்தில் 27.5 விழுக்காடு வரை, ஓர் ஆண்டு உச்சவரம்புக்குள், போடும் பணத்துக்கு வரிக்கழிவு உண்டு.

அடுத்து, பானைகள். 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கள் போடுவது இரண்டாகப் பிரிகிறது. ஃபண்டில் மாதம் 3,000 ரேண்ட் சேர்ந்தால் 1,000 சேமிப்புப் பானைக்கு, 2,000 ஓய்வுக்காலப் பானைக்கு. அந்தத் தேதிக்கு முன் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பழைய விதிகளோடு தனியாக இருக்கும். ஆகவே பழைய உறுப்பினர்களுக்கு உண்மையில் மூன்று பானை.

பெரிய பானை விதைநெல் மாதிரி. வேலையை விட்டாலும் அதில் கைவைக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு பொதுவாக மாத வருமானமாகத்தான் வரும். சிலருக்கு இது கோபம். எனக்கு நிம்மதி. மாமா காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

சின்னப் பானையில்தான் நிதானம் வேண்டும். வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். எடுப்பதற்கு முன் ஒரு தாளில் இப்படிப் போட்டுப் பாருங்கள். 30,000 ரேண்ட் கேட்கிறீர்கள், உங்கள் வரி விகிதம் 26 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வரி 7,800. மீதி 22,200. அதிலும் ஃபண்டின் கட்டணம் போகும். வரித்துறையான சார்ஸுக்குப் பழைய வரிப் பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். அதே 30,000 ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ந்தால் 20 ஆண்டில் ஏறக்குறைய 1,40,000 ஆகியிருக்கும். இப்போது சொல்லுங்கள், அந்தச் செலவு இந்த மாதமே ஆக வேண்டுமா? மருந்துக்கு, வீட்டுக்கடன் தவணைக்கு என்றால் சரி, எடுங்கள், அதற்குத்தான் அந்தப் பானை. தீபாவளிக்குப் புது டிவி என்றால் வேண்டாம்.

வேலை மாறும்போது பணத்தைப் புதிய கம்பெனியின் ஃபண்டுக்கோ, பழைய ஃபண்ட் பணத்தைப் பாதுகாத்து வைக்கும் பிரிசர்வேஷன் ஃபண்டுக்கோ மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றினால் வரி பிடிக்க மாட்டார்கள். பழைய ஃபண்டிலேயே மறந்து விட்டிருந்தால், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ அமைப்பின் இணையதளத்தில் கோரப்படாத பணத்தைத் தேடும் வசதி இருக்கிறது. பெற்றோர் பெயரிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அப்புறம், வாரிசுப் படிவம். மாமாவின் படிவம் சாமி அறை அலமாரியில், கற்பூரப் பெட்டிக்கு அடியில் மடித்தபடி கிடந்தது. அதில் இருந்தது 1987இல் இறந்துபோன பாட்டியின் பெயர். நீங்கள் இறந்தால் பணத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஃபண்டின் அறங்காவலர்கள்தான், உங்களை நம்பி இருப்பவர்களைப் பார்த்து, முடிவு செய்வார்கள். படிவம் அவர்களுக்கு வழிகாட்டி. கல்யாணமானதும், குழந்தை பிறந்ததும் எச்ஆரிடம் புதுப் படிவம் கேட்டு வாங்கி, நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.