டிராகன் பால் இசட் டிஸ்க் வாங்கும் முன்: எந்தக் கோகு வேண்டும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா மகன் போட்டோ அனுப்பினான். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போட்ட பழைய சாமான் விற்பனை. மடக்கு மேசையில் ஒன்பது ஆரஞ்சுப் பெட்டிகள். "மாமா, டிராகன் பால் இசட் முழு செட். எண்பது டாலர் கேட்கிறார். எடுக்கட்டுமா?"

"உனக்குப் படம் முக்கியமா, பின்னணி இசை முக்கியமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்!"

ரெண்டும் ஒரே பெட்டியில் அமைவது கஷ்டம். அமெரிக்காவில் இந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் டிவியில் வந்த கதையும் டேப்பாக, டிஸ்காக வந்த கதையும் அவ்வளவு சிக்கல். அந்தக் கதை தெரியாமல் பெட்டி வாங்கினால், வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்துவிட்டு "நான் பார்த்தது இது இல்லையே" என்று முழிக்க வேண்டியதுதான். நான் அப்படி மூன்று முறை முழித்திருக்கிறேன்.

1999-இல் ஒய்டூகே (2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு) வேலைக்காக டாலஸ் பக்கம் இர்விங்குக்கு வந்தவன் நான். காலை ஆறு மணி ஷிப்ட். மதியம் மூன்றுக்கெல்லாம் அபார்ட்மென்டுக்கு வந்துவிடுவேன். அறை நண்பர்கள் வரும்வரை துணைக்கு கார்ட்டூன் நெட்வொர்க் சேனலின் டூனாமி நிகழ்ச்சி வரிசைதான். ஒரு திங்கட்கிழமை, புது எபிசோடு என்று ஆசையாக உட்கார்ந்தால், கதாநாயகன் கோகு வாயைத் திறந்ததும் வேறு குரல். அவன் போட்டியாளன் வெஜிட்டாவுக்கும் வேறு குரல். இசையும் மாறிவிட்டது. டிவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அன்றைய தேதி செப்டம்பர் 13. ஏன் மாறியது என்று புரிந்துகொள்ளப் போய்த்தான் இந்த டிஸ்க் பைத்தியம் பிடித்தது.

முதலில் அந்தக் காரணம். ஜப்பானில் ஃபூஜி டிவியில் 1989 ஏப்ரலில் தொடங்கி 1996 ஜனவரியில் முடிந்தது இசட். மொத்தம் 291 எபிசோடு. அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது ஃபனிமேஷன் நிறுவனம். 1996 செப்டம்பரில் சபான் நிறுவனத்தோடு சேர்ந்து, கனடாவின் வான்கூவரில் ஓஷன் ஸ்டூடியோவில் டப்பிங் செய்து, ஊர் ஊராக உள்ள தனித்தனி டிவி நிலையங்களுக்கு விற்றார்கள். குழந்தைகள் நேரத்துக்கு ஏற்றபடி வெட்டியதில் முதல் 67 எபிசோடு 53 ஆகச் சுருங்கியது. யாரும் சாகக் கூடாது, "அடுத்த பரிமாணத்துக்கு"ப் போவார்கள். நாப்பா என்ற வில்லன் விமானங்களைச் சுட்டுத் தள்ளினால், பாராசூட் தெரிகிறது, விமானிகள் பிழைத்துவிட்டார்கள் என்று ஒரு வசனம் வரும். நரகத்துக் காவல் பூதங்களின் பனியனில் ஆங்கிலத்தில் "ஹெல்" (HELL) என்று எழுதியிருக்கும். அதில் இரண்டாம் எழுத்துக்கும் மூன்றாம் எழுத்துக்கும் அடிக்கோட்டை மட்டும் அழித்து HFIL ஆக்கிவிட்டு, "எல்லையில்லாத் தோல்வியாளர்களின் இல்லம்" என்பதன் சுருக்கம் அது என்றார்கள். இரண்டு கோட்டை அழித்து ஒரு நரகத்தையே காலி செய்த ஆளுக்கு நான் இன்றும் சலாம் போடுவேன்.

1998-இல் அந்த ஏற்பாடு நின்றது. கின்யு படை என்ற வில்லன் கூட்டத்தோடு சண்டை நடக்கும்போதே கதை அந்தரத்தில் தொங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் டூனாமி அந்த 53-ஐயே திரும்பத் திரும்பப் போட, கூட்டம் சேர்ந்தது. அந்தத் தெம்பில் ஃபனிமேஷன் மிச்சத்தைத் தானே டெக்சாஸில் டப்பிங் செய்தது. ஷான் ஷெம்மல் கோகு, கிறிஸ்டோஃபர் சபாட் வெஜிட்டா, இசை புரூஸ் ஃபால்கனர். எனக்கு அந்தத் திங்கட்கிழமை கேட்டது இதுதான்.

சரி, இனி வாங்கும் விஷயம். கடைக்குப் போகும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: என் நினைவில் இருக்கும் கோகு எந்தக் கோகு?

வான்கூவர் குரலும், "ராக் த டிராகன்" என்று அலறும் தொடக்கப் பாட்டும்தான் வேண்டும் என்றால் வழி சுலபம். 2013-இல் அந்தப் பாட்டின் பெயரிலேயே ஒரு டிவிடி பெட்டி வந்தது. வெட்டிய 53 எபிசோடும் வெட்டியபடியே அதில் உண்டு. அதற்கு முன் அவை பயனியர் நிறுவனம் வெளியிட்ட விஎச்எஸ் டேப்புகளிலும் டிவிடிகளிலும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன.

ஃபால்கனரின் கிடாரும் சிந்தசைசரும் இல்லாமல் சண்டை பார்க்க முடியாது என்பவர்களுக்கு அந்த ஆரஞ்சுப் பெட்டிகள்தான். 2007 பிப்ரவரியில் முதல் சீசன் வந்தது, மொத்தம் ஒன்பது. மெனுவில் ஒலியை மாற்றலாம். அமெரிக்க டிவி இசையோடு ஆங்கிலம், ஜப்பானிய மூல இசையோடு ஆங்கிலம், பிறகு ஜப்பானிய மொழி. மூல இசை ஷுன்சுகே கிகுச்சியுடையது. எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது, வயசாகிவிட்டது போல. இன்னொன்று, முதல் 67 எபிசோடையும் டெக்சாஸ் குழுவே 2005 வாக்கில் வெட்டில்லாமல் திரும்ப டப்பிங் செய்துவிட்டது. ஆரஞ்சுப் பெட்டியில் இருப்பது அந்தக் குரல்கள்தான். வான்கூவர் குரலைத் தேடி முதல் சீசனை வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஆரஞ்சின் வினை படத்தில் இருக்கிறது. இந்தத் தொடர் பழைய டிவியின் 4:3 சட்டத்துக்கு (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) வரைந்தது. அகலத் திரையில் கறுப்புப் பட்டை வரக் கூடாது என்று மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். பிலிமின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் கொஞ்சம் புதிதாகத் தெரியும், ஆனால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. போதாததற்கு, பிலிமுக்கே உரிய பொடிப்புள்ளியைத் துடைக்கிறேன் என்று அழுத்தித் துடைத்ததில் மெல்லிய கோடுகள் மெழுகு மாதிரி உருகிவிட்டன. சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். கோகு நேராக நிற்கும் நெருக்கக் காட்சி ஒன்றில் படத்தை நிறுத்துங்கள். முடியின் கூர்நுனிகள் திரைக்கு வெளியே போயிருந்தால் அது வெட்டிய பதிப்பு. தலைமுடியே கதை சொல்லும் தொடரில் முடியையே வெட்டிவிட்டார்களே என்பது என் ஆறாத மனக்குறை.

படம்தான் முக்கியம் என்றால் டிராகன் பாக்ஸ். ஜப்பானில் 2003-இல் இரண்டு பெரும் பெட்டிகளாக வந்ததை, அமெரிக்காவில் 2009 நவம்பரிலிருந்து 2011 அக்டோபர் வரை ஏழு பெட்டிகளாக வெளியிட்டார்கள். ஆறு பெட்டியில் 42 எபிசோடு வீதம், கடைசியில் 39. முழு 4:3 சட்டம், நிறம் இதமாக இருக்கும், கூடவே கெட்டி அட்டைக் கையேடு. ஆனால் ஃபால்கனர் இசை கிடையாது. அச்சு நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் விலை மலைக்க வைக்கும். எனக்கு ஏழில் நான்குதான் கிடைத்திருக்கிறது. மூன்றாவதை டாலஸ் நார்த்வெஸ்ட் ஹைவேயில் உள்ள பெரிய ஹாஃப் பிரைஸ் புக்ஸில், சமையல் டிவிடிகளுக்கு நடுவே பார்த்தேன். அன்று அங்கே போனதே மனைவிக்குத் தையல் புத்தகம் தேடி.

புளூ-ரே பக்கம் போனால் இன்னும் குழப்பம். 2011 கடைசியில் "லெவல்" என்று பெயரிட்டு, ஒவ்வொரு சட்டமாகப் பொறுமையாகச் சுத்தம் செய்த 4:3 பதிப்பு வந்தது. 1.1, 1.2 என்று இரண்டு பெட்டி. அவ்வளவு கைவேலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 2012 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டும் குறைந்த விலையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். கதை பாதியில் நின்றாலும் பரவாயில்லை. 2013 டிசம்பர் கடைசி நாளில் தொடங்கி வந்த சீசன் புளூ-ரேக்கள் மறுபடி 16:9 வெட்டு. 2019-இல் முப்பதாம் ஆண்டுப் பெட்டி, பெரிய கோகு பொம்மையோடு. சட்டம் 4:3, துடைப்பு மட்டும் அதே பலம். அதை வாங்கிய என் நண்பர் பொம்மையைத்தான் அதிகம் பார்க்கிறார்.

"கை" என்று போட்டிருந்தால் அது வேறு பண்டம். 2009-இல் ஜப்பானில் இழுவைக் காட்சிகளை நீக்கிச் சுருக்கிய மறுபதிப்பு. கதை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு நல்லது. இசட் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

டொராண்டோவிலோ லண்டனிலோ வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. கனடாவின் ஒய்டிவியிலும் பிரிட்டன் டூனாமியிலும், கதையில் ட்ரங்க்ஸ் என்ற பாத்திரம் வந்த சிறிது காலத்துக்குப் பிறகு மறுபடி வான்கூவர் குழுவின் ஆங்கிலம்தான் ஓடியது. இசையும் வேறு. அந்தப் பதிப்பு எந்த டிஸ்கிலும் வந்ததில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தி மகள் "எல்லாப் பெட்டியிலும் குரல் தப்பு" என்று சாதித்தபோது நான் சிரித்தேன். அவள் சொன்னது சரி. உங்கள் வீட்டு நிலவறையில் யாராவது ஒய்டிவியிலிருந்து பதிவு செய்த டேப் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். முதலில் டேப்பின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள், அப்புறம் அதன் மேல் யாரும் பதிவு செய்ய முடியாது. கண்ணாடி வழியாக ரீலைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் பிளேயரில் போடக் கூடாது, அடுத்த டேப்புக்கும் ஒட்டும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுக்க ஓட்டி, திருப்பிச் சுற்றி, பிறகு கணினியில் ஏற்றுங்கள். விளம்பரங்களையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

இனி கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை. பெட்டியின் முதுகில் சிறிய எழுத்தில் பட அளவு இருக்கும். 1.78 அல்லது 16:9 என்றால் வெட்டியது. இணையத்தில் வாங்கினால், விற்பவரிடம் பின்பக்கப் போட்டோ, திறந்த பெட்டியின் போட்டோ இரண்டையும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். ஆறாவது சீசனில் ஒரு டிஸ்குக்குப் பதில் யாரோ ஒருவரின் உடற்பயிற்சி டிவிடி வந்தது. 291 எபிசோடும் ஒரே சின்னப் பெட்டியில், பத்துப் பன்னிரண்டு டிஸ்கில் என்றால் திருட்டுப் பதிப்பு. டிராகன் பாக்ஸில் ஒரு டிஸ்குக்கு ஏழு எபிசோடுதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் எவரும் உங்களை ஏமாற்ற முடியாது.

வந்த டிஸ்கை முழுக்கப் பார்க்க நேரம் இருக்காது. எல்லாரும் முதல் எபிசோடைப் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படும். விரல் பட்டுக் கீறுவதோ வெளி ஓரம். ஆகவே ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றால் கடைசி எபிசோடைப் போட்டுப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் பெரும்பாலும் முதல் அடுக்கு வெளியே போய், இரண்டாவது உள்ளே திரும்பும். அதில் ஓரத்தில் இருப்பது நடு எபிசோடு. ஏழு எபிசோடு என்றால் நான்காவதைப் போடுங்கள். ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இன்னொன்று: இந்தியாவின் டிவிடி மண்டலம் 5, புளூ-ரேக்கு சி. இங்கே மண்டலம் 1, ஏ. எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

அக்கா மகனை எண்பதை அறுபதாக்கிப் பேசி அந்த ஒன்பதையும் எடுக்கச் சொன்னேன். படம் வெட்டுதான், ஆனால் அவனுக்கு ஃபால்கனர் வேண்டும். போன ஞாயிறு இரண்டாவது சீசனோடு என் வீட்டுக்கு வந்தான். என்னிடம் இருந்த ராக் த டிராகன் பெட்டியின் கடைசி டிஸ்கில் 53-ஆவது எபிசோடைப் போட்டேன். முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, அவன் டிஸ்கில், வெட்டாத கணக்கில் அதற்கு அடுத்ததான 68-ஐ வைத்து, ஒலியை அமெரிக்க இசைக்கு மாற்றினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோகு பேசினான். பையன் ரிமோட்டைத் தேடினான். "மாமா, உங்க டிவியில ஏதோ கோளாறு."