எழுதாமல் விடும் எண்கள்: சைக்கிள் ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் வரை சென்று, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் சைக்கிள் ஆர்வலர்களைச் சென்னையில் வாரந்தோறும் காணலாம். வாரம் முழுவதையும் அலுவலகமும் குடும்பமும் எடுத்துக்கொள்ள, மீதம் கிடைக்கும் நான்கைந்து மணி நேரத்தைச் சாலையில் செலவிடுகிறவர்கள் இவர்கள். இவ்வளவு குறைந்த நேரத்தில் பழகுகிறவர் ஒரு தவறு செய்தால், அதைத் திருத்திப் பார்ப்பதற்கு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக இவர்களோடு ஓட்டிவருவதில் நான் கண்டது, பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்பதுதான். தூரத்தையும் சராசரி வேகத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, அந்த எண்கள் எப்படி வந்தன என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறோம். பதிவேட்டில் இல்லாததைப் பிறகு ஊகத்தால் நிரப்புகிறோம். அந்த ஊகத்தை நம்பியே புதிய சக்கரமும் புதிய சீட்டும் வாங்குகிறோம்.

முதலில் காற்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ தெற்கு நோக்கிப் போகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். ஆனி, ஆடியில் அதிகாலைக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். பொழுது ஏறிய பிறகு கடற்காற்று தொடங்கிவிடும். இவற்றைக் குறிக்காமல் கார்த்திகை மாத வேகத்தையும் ஆடி மாத வேகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ‘நான் தளர்ந்துவிட்டேன்’ என்று வருந்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கைப் பாருங்கள். போகும்போது 48 கி.மீ. தூரத்தை மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் கடந்தால் ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது அதே தூரத்தை 24 கி.மீ. வேகத்தில் கடந்தால் இரண்டு மணி நேரம். சராசரி 28 ஆக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது 27.4தான், ஏனெனில் எதிர்க்காற்றில் கழியும் நேரம் அதிகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், முதுகுக்காற்றில் கிடைத்த லாபம் எதிர்க்காற்றின் இழப்பை ஒருபோதும் ஈடுகட்டுவதில்லை. ஆகவே போகும் பாதியையும் திரும்பும் பாதியையும் தனித்தனியே எழுதுங்கள். அருகில் காற்றின் திசையையும் ஒரு சொல்லில் குறியுங்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் தென்றல், மேற்கிலிருந்து வந்தால் கோடை என்று நான்கு திசைக்கும் நம் மொழியில் பெயர் இருக்கும்போது, பதிவேட்டில் அதற்கு ஒரு சொல்லுக்குமேல் இடம் தேவையில்லை.

அடுத்தது நின்ற நேரம். சைக்கிள் நின்றவுடன் கடிகாரத்தையும் நிறுத்திவிடும் வசதி இன்று பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அது சிக்னலில் நின்ற நேரத்தைக் கழிப்பதற்கு நல்லது. ஆனால் அந்த எண்ணை மட்டுமே நம்புகிறவர், பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் முதன்முறை இறங்கும்போது திகைத்துப்போகிறார். அங்கே 200 கி.மீ. தூரத்துக்கு 13 மணி 30 நிமிடம், 300 கி.மீ.க்கு 20 மணி, 400 கி.மீ.க்கு 27 மணி, 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் என்பது வரம்பு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தின் 1,200 கி.மீ.க்கு 90 மணி நேரம் என்ற வரம்பும் இப்படிப்பட்டதுதான். தேநீர், இட்லி, பஞ்சர், சோதனைச் சாவடியில் முத்திரை வாங்குவது, புளியமரத்தடியில் போடும் அரைமணி உறக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்கு 200 கி.மீ. தூரம் 8 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். நடைமுறையில் அவர் 11 மணி நேரம் கழித்துத்தான் வந்துசேர்கிறார். அந்த இரண்டரை மணிக்கு மேற்பட்ட நேரம் எங்கே போயிற்று என்பதற்கு அவருடைய பதிவேட்டில் விடை இருப்பதில்லை. ஓடிய நேரத்தையும் மொத்த நேரத்தையும் இரண்டு கட்டங்களில் எழுதுகிறவர், கால்களுக்கு எந்தச் சிரமமும் கொடுக்காமலேயே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தக் கற்றுக்கொள்கிறார்.

சக்கரத்தில் காந்தம் பொருத்திய மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 25 மி.மீ. டயருக்குச் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2,105 மி.மீ.; 28 மி.மீ. டயருக்கு 2,136 மி.மீ. 25இலிருந்து 28க்கு டயரை மாற்றிவிட்டு, சக்கரச் சுற்றுகளை எண்ணித் தூரம் கணக்கிடும் மீட்டரில் பழைய எண்ணையே விட்டுவைத்தால், 100 கி.மீ. ஓடிய இடத்தில் அது ஒன்றரை கி.மீ. குறைத்துக் காட்டும்.

இதயத்துடிப்பு பற்றிய தவறு இதைவிடப் பெரியது. 220இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பதே ஒருவரின் உச்சத் துடிப்பு என்ற சூத்திரத்தைக் கைக்கடிகாரங்களும் செயலிகளும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அது பலரின் அளவுகளிலிருந்து எடுத்த ஒரு நடுக்கோடு மட்டுமே. தனி மனிதரின் உண்மையான உச்சம் அதிலிருந்து 10, 12 துடிப்புகள் மேலோ கீழோ இருப்பது மிக இயல்பானது. அந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டு வகுத்த மண்டலங்களில், அதாவது எளிது முதல் கடுமை வரையான துடிப்பு அளவுகளில், ஒருவர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தால், எளிய நாளென்று நினைத்துக் கடுமையாகவும், கடுமையான நாளென்று நினைத்து அரைகுறையாகவும் ஓட்டிக்கொண்டிருப்பார். அதோடு, சித்திரை, வைகாசியின் புழுக்கத்தில் ஒரே வேகத்தில் ஓட்டினாலும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தத்தை அனுப்பும் வேலையும் இதயத்தின்மேல் விழுவதே காரணம். ஆகவே அன்றைய வெப்பத்தையும், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்பதையும் துடிப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்குமுன் எண்ணும் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால், அன்று ஓய்வெடுப்பது நல்லது. ஓய்வெடுத்த நாளையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக் குற்றவுணர்வோடு மறுநாள் இருமடங்கு ஓட்டிக் காலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் நம்மிடையே அதிகம்.

வியர்வையை யாரும் அளப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். இதற்கு வீட்டிலிருக்கும் எடைக்கருவி போதும். புறப்படுமுன் 70.4 கிலோ, திரும்பியபின் உடலைத் துடைத்துவிட்டு நின்றால் 68.6 கிலோ, வழியில் குடித்தது ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழந்தது 3.3 லிட்டர், மூன்றரை மணி நேரத்தில் என்றால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த எண் தெரிந்தவர் எத்தனை பாட்டில் கொண்டுபோவது என்று தடுமாற மாட்டார். நீரோடு உப்பும் போகிறது என்பதை மறந்து வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்தானது. நெடுநேர ஓட்டத்தில் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரக்கூடும். இளநீர் இதற்குப் போதும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வலுவாக இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோரோ, ஒரு லிட்டர் நீரில் கரைத்த உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமோ அந்தக் குறையைத் தீர்க்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியின் பக்கம் வந்தால், முதல் தவறு சீட்டின் உயரம். அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ் வண்டியில் அப்பாவிடம் சைக்கிள் கற்றுக்கொண்டவர்களுக்கு, உட்கார்ந்தபடியே இரண்டு கால்களும் தரையில் படவேண்டும் என்பது எழுதாத விதி. அரிசி மூட்டையையும் பின்னால் ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவில் நின்று நின்று போன வண்டிக்கு அது சரியான விதியே. ஆனால் நாம் நிமிடத்துக்கு 80, 85 முறை பெடல் சுற்றுகிறோம். மூன்று மணி நேரத்தில் அது ஏறத்தாழ 15,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்குமீறி மடங்கினால், முழங்காலின் முன்பகுதியில் வலி தொடங்கும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. வலிக்குக் காரணம் காலணி என்று நினைத்து இரண்டு முறை காலணி மாற்றிய பிறகுதான், சீட் மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதை அளந்து கண்டேன். டூர் டி பிரான்ஸ் ஓட்டத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு தொடக்கத்துக்கு உதவும். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே சீட்டில் அமர்வதுபோல் அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால், இரு பெடல் கைகளும் இணையும் மைய அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும், 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. அங்கிருந்து ஐந்து மி.மீ.க்குமேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முழங்காலின் பின்புறம் வலித்தால் சீட் உயரமாகிவிட்டது, முன்புறம் வலித்தால் தாழ்வாக இருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். சரியான உயரம் கிடைத்தவுடன் அதைப் பதிவேட்டில் எழுதி, சீட் குழாயில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். சர்வீஸுக்குப் போய்வரும் வண்டியின் சீட் ஒருபோதும் பழைய இடத்தில் இருப்பதில்லை.

செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகப் பணம் வீணாவது அங்கேதான். கடலோரச் சாலையின் உப்புக்காற்றும் மணலும் செயினை விரைவில் தேய்த்துவிடும். தேயும் இடம் வெளியே தெரிவதில்லை. ஆணியும் அது நுழையும் உள்தகட்டுத் துளையும் உரசும் உட்பகுதி தேய்ந்து, செயின் மெல்ல நீள்கிறது. சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ஓர் எஃகு அளவுகோலை எடுங்கள். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 கண்ணிகள் எண்ணினால், புதிய செயினில் அடுத்த ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ.யில் இருக்கும். அது 306.3 மி.மீ.யைத் தொட்டால் அரை விழுக்காடு நீண்டுவிட்டது; பின்சக்கரத்தில் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் உள்ள வண்டியில் அப்போதே மாற்றிவிட வேண்டும். 10 அல்லது அதற்குக் குறைவென்றால் 307.1 மி.மீ. வரை பொறுக்கலாம். மாற்றாமல் ஓட்டினால் நீண்ட செயின் பல்சக்கரங்களையும் தன் அளவுக்கு அரித்துவிடும். பிறகு புதிய செயினைப் போட்டால் அது பற்களில் அமராமல் வழுக்கும், கேசட் எனப்படும் பின்பல்சக்கரத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டிவரும். செயின் போட்ட தேதியையும் அன்றைய மொத்தக் கிலோமீட்டரையும் எழுதிவைத்தால், உங்கள் சாலையில், உங்கள் பராமரிப்பில் ஒரு செயின் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இரண்டாவது செயினிலேயே தெரிந்துவிடும். தேங்காய் எண்ணெய் விடுவதும், துருநீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிட்டுப் புறப்படுவதும் செயினுக்கு உதவாது. முன்னது பிசுபிசுத்து மணலைச் சேர்க்கும், பின்னது சில மணி நேரத்தில் வறண்டுவிடும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, சற்றுப் பொறுத்து, மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விடுவதுதான் பாதித் தேய்மானத்துக்குக் காரணம் என்பது என் துணிபு.

மோட்டார் சைக்கிளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் நீர் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் மீறக்கூடாத வரம்பு. அவ்வளவு அடிக்கவேண்டும் என்பது அதன் பொருளன்று. ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பிஎஸ்ஐ போதும், பின்சக்கரத்தில் சற்றுக் கூடுதலாக. நம் சாலைகளின் மேடு பள்ளங்களில் கல்லாக இறுகிய டயர் துள்ளித் துள்ளி வேகத்தை இழக்கிறது, கையும் இடுப்பும் வலிக்கின்றன. மற்றொன்று: பந்தய வண்டிகளின் டியூபில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு, பெட்ரோல் பங்கிலும் சாலையோரப் பஞ்சர் கடையிலும் இருக்கும் காற்றுக்குழாய் பொருந்தாது. விரல்நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொண்டால், கைப்பம்பு பழுதானாலும் வழியில் நிற்க நேராது.

மலைக்குப் போகிறவர்கள் புதிய இலகுவான சக்கரங்களைப் பற்றி யோசிக்குமுன் பின்சக்கரப் பற்களை எண்ணுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரியில் எப்படியோ சமாளித்துவிடலாம். 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் முடியாது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு வண்டி மணிக்கு 9 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் அதே சுற்றில் ஏழரை கி.மீ.க்குச் சற்று மேல் போதும். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் பிடித்தபடி வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவு தாண்டியதும் விட்டுவிடுங்கள். ரிம்மும் டிஸ்க்கும் ஆற நேரம் கிடைக்கும்.

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு மோதலுக்காகச் செய்யப்பட்டது. விழுந்தபோது நசுங்கி அடியை வாங்கிக்கொண்ட நுரை மீண்டும் விரிவதில்லை. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே விழுந்த நாள், எந்தப் பக்கம் விழுந்தது, தலை தரையில் பட்டதா என்ற மூன்றையும் அன்றைய பக்கத்திலேயே எழுதுங்கள். பட்டது என்று எழுதினால், அடுத்த ஞாயிறு புதிய கவசத்தோடு புறப்படுங்கள்.