தொட்டியை உடைத்த சிம்பிடியம்: பெரிய ஆர்க்கிட் செடியைப் பிரித்து நடுவது எப்படி?

எங்கள் வீட்டுப் பின்வாசலில் இருந்த சிம்பிடியம் இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. இலை மட்டும் புதர் மாதிரி மண்டிக்கிடந்தது. போன செப்டம்பரில் ஒரு காலை பார்த்தால், பிளாஸ்டிக் தொட்டி மேலிருந்து கீழ்வரை பிளந்திருக்கிறது. யாரும் தட்டிவிடவில்லை. உள்ளே இடமில்லாமல் வேர்தான் நெட்டித் தள்ளியிருந்தது. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அது பிள்ளை பெத்துக்கிட்டே போவுது, வீடு பத்தல. பிரிச்சு வைங்க" என்றார். (இங்கே தென்னாப்பிரிக்காவில் தமிழ் வீடுகளில் பாட்டி என்றால் ஆயாதான்.) அந்தச் செடியை ஒரு பழைய பெயின்ட் வாளியில் வைத்து எனக்குக் கொடுத்ததே அவர்தான்.

பிரித்து வைப்பது அவருக்கு ஒரு வார்த்தை. எனக்கு அதில் ஏற்கெனவே ஒரு பெரிய சூடு பட்ட அனுபவம் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் வேறொரு செடியை ஆசை ஆசையாக ஏழு துண்டாக வெட்டினேன். மூன்று அழுகிப் போயின. மிச்சம் நான்கும் இன்றுவரை ஒரு பூகூடத் தரவில்லை. அதனால் இந்தப் பதிவில் தொட்டி எப்படி வாங்குவது, தண்ணீர் எப்படி ஊற்றுவது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நான் தடுக்கி விழுந்த இடங்களிலேயே கொஞ்சம் அதிகம் நிற்கப் போகிறேன்.

எந்தச் செடியைப் பிரிக்கலாம்?

அடித்தண்டு குமிழ் குமிழாகப் பருத்து, பக்கவாட்டில் நகர்ந்து வளர்கிற ஆர்க்கிட்டுகளை மட்டும்தான். சிம்பிடியம், கேட்லியா, ஆன்சிடியம் எல்லாம் அந்த வகை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் காட்டில் மரக்கிளைகளில் பெரிய பந்தாக உட்கார்ந்திருக்கும் புள்ளிப் பூ ஆர்க்கிட், அன்செலியா, அதுவும் இப்படித்தான் வளரும். ஆனால் காட்டு ஆர்க்கிட்டுகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அனுமதியில்லாமல் பிடுங்கி வந்து இந்தப் பதிவைப் பார்த்துப் பிரிக்காதீர்கள்.

(பிற்சேர்க்கை: டர்பனிலிருந்து ஒரு வாசகி, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பெலனாப்சிஸ் செடியை இதைப் படித்துவிட்டு நடுவில் வெட்டிவிட்டதாக எழுதியிருந்தார். மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெலனாப்சிஸ், வாண்டா இரண்டும் ஒற்றைத் தண்டில் மேல்நோக்கி வளர்பவை. அவற்றுக்குக் குமிழே கிடையாது. பெலனாப்சிஸ் பூத்தண்டில் சில சமயம் குட்டிச்செடி முளைக்கும். அதற்கு இரண்டு மூன்று வேர் வந்த பிறகு எடுத்து நடலாம், அவ்வளவுதான்.)

எப்போது?

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளை நம்பி மார்ச்சில் கத்தியை எடுக்காதீர்கள். அங்கே வெயில் தொடங்கும் நேரம், இங்கே குளிர் தொடங்கும் நேரம். நான் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஜூன், ஜூலை இரவுகள் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமா? 1893 ஜூனில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊரில்தான். அன்று இரவு காத்திருப்பு அறையில் குளிரில் நடுங்கியதை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குளிரில் வெட்டுப்பட்ட செடி வேர் விடாது.

இங்கே சிம்பிடியம் பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பூக்கும். பூ முடிந்ததும், குமிழின் அடியில் புது முளை விரல் நீளம் எட்டிப் பார்க்கும்போது பிரிக்க வேண்டும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் சரியான காலம். அப்போதும் பூ நின்றுகொண்டிருந்தால் தண்டோடு வெட்டிச் சாமி படத்துக்கு வைத்துவிடுங்கள்.

வெளியே எடுப்பது

முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நனைந்த வேர் வளைந்து கொடுக்கும், காய்ந்த வேர் முறியும். செடியை இழுத்து எடுக்க முயன்றால் குமிழ்தான் கையோடு வரும். தொட்டியைக் கத்தரித்துவிடுங்கள். அறுபது ராண்ட் தொட்டிக்காகப் பத்து வருடச் செடியைப் பிய்க்க வேண்டாம்.

வெளியே வந்தது தொட்டியின் வடிவத்திலேயே ஒரு வேர்க்கட்டியாக இருக்கும். இங்கேதான் என் முதல் தவறு. அப்படியே வைத்து, கேக் வெட்டுவது மாதிரி நடுவில் வெட்டினேன். வெட்டிய பிறகு பார்த்தால் கத்தி இரண்டு புது முளைகளுக்குள்ளேயே போயிருந்தது. அந்த வருட வளர்ச்சி அத்தோடு சரி.

இந்தத் தடவை முதலில் கழுவினேன். குழாயடியில் வைத்து, பழைய மரப்பட்டையெல்லாம் உதிரும் வரை. முக்கால் மணி நேரம் ஆனது. கழுவக் கழுவச் செடியே வழி காட்டிவிடும். வேரைக் கிள்ளிப் பாருங்கள்: கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் உயிருள்ளது. தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் வந்தால் செத்தது, வெட்டி எறியுங்கள்.

எங்கே வெட்டுவது?

இஞ்சிக் கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணு, அதிலிருந்து அடுத்தது என்று படுத்தபடியே நகரும். சிம்பிடியமும் அப்படித்தான். ஆனால் குமிழ்கள் நெருக்கியடித்து நிற்பதால் அந்தப் படுக்கைத் தண்டு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு குமிழ்களுக்கு நடுவே கட்டைவிரலை விட்டு இலேசாக அகட்டிப் பாருங்கள். அடியில் கெட்டியான ஒரு இணைப்பு தெரியும். வெட்ட வேண்டியது அதை மட்டும்தான்.

எந்த இணைப்பை? ஒரு முனையில் இலையில்லாத, சுருங்கிய கிழட்டுக் குமிழ்கள் இருக்கும். மறுமுனையில் பச்சை இலையோடு இந்த வருடக் குமிழும் புது முளையும். கிழட்டு முனையிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். எங்கோ ஓரிடத்தில் வரிசை இரண்டாகக் கிளை பிரியும். ஒரு குமிழ் இரண்டு பிள்ளை பெற்ற இடம் அது. ஆயா சொன்னது சரிதான். அந்தக் கிளைப்பிரிவுதான் வெட்டும் இடம். நான் சுண்ணாம்புக்கட்டியால் குமிழ்களில் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒவ்வொரு பங்கிலும் இலையுள்ள குமிழ் குறைந்தது மூன்று, கூடவே ஒரு புது முளை இருக்க வேண்டும். நான்கு இருந்தால் இன்னும் நல்லது. இதைக் குறைக்கவே குறைக்காதீர்கள். குமிழ் என்பது செடியின் சேமிப்பு. நீரும் சத்தும் அதில்தான் இருக்கின்றன. ஒற்றைக் குமிழாகப் பிரித்தால் அந்தப் பிள்ளை தன்னை வளர்த்துக்கொள்ளவே மூன்று நான்கு வருடம் எடுத்துக்கொள்ளும், பூவுக்கு மிச்சமிருக்காது. என் ஏழு துண்டுக் கதை அதுதான். இந்தத் தடவை பதினான்கு குமிழ் இருந்தும் மூன்றே பங்குதான் போட்டேன்.

கத்தி

பூச்செடிக் கத்தரிக்கோல் வேண்டாம், இணைப்பை நசுக்கிவிடும். ரொட்டி வெட்டும் பல் கத்தி பரவாயில்லை. என் ஓட்டு மடக்கு ரம்பத்துக்குத்தான்.

எதில் வெட்டினாலும், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் சுத்தம் செய்தே ஆக வேண்டும். சிம்பிடியம் மொசைக் வைரஸ் என்று ஒன்று சாறு ஒட்டிய கத்தியிலேயே பரவும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, செடியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நான் முன்பெல்லாம் ஊதா நிற மெத்தலேட்டட் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பூஞ்சைக்கு அது சரி, வைரஸுக்கு நம்ப முடியாது. இப்போது பிராய் (கறி சுடும் அடுப்பு) பற்றவைக்கும் கேஸ் டார்ச்சில் ரம்பத்தின் பல் சிவக்கும்வரை காட்டுகிறேன். டார்ச் இல்லையென்றால் ஒரு பங்கு ஜிக் (வீட்டு பிளீச்), ஒன்பது பங்கு தண்ணீர், அதில் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள்.

வெட்டுவாயில் பட்டைப் பொடி தடவினேன், கறிக்குப் போடுகிற அதே பட்டைதான். ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சையைத் தடுக்கும். வேரில் மட்டும் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும். மஞ்சள் தூள் போடலாமா என்று இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். போடுங்கள், கெடுதல் இல்லை.

நடுவது

தோட்ட மண் கூடவே கூடாது. பைன் மரப்பட்டை, சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகள். அதோடு நான்கில் ஒரு பங்கு பெர்லைட் (வெள்ளையான, எடையில்லாத எரிமலைக் கல் துகள்). ஒரு கடையில் ஆர்க்கிட் கலவை என்று எழுதி விற்ற பையைப் பிரித்தால் பாதிக்குமேல் தூள். அதில் நட்டால் ஒரு மழைக்கே சேறாகும். பையை வாங்கியதும் சல்லடையில் சலித்துவிடுங்கள்.

கோயிலில் உடைக்கிற தேங்காயின் மட்டை சும்மா கிடக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல யோசனை. துண்டாக நறுக்கி, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டால் பயன்படுத்தலாம். ஆனால் மரப்பட்டையைவிட ஈரம் அதிகம் பிடிக்கும், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். இரண்டு வருட வளர்ச்சிக்கு இடமிருந்தால் போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது, வேர் அழுகும். மண்தொட்டி பார்க்க அழகு, ஆனால் அடுத்த முறை பிரிக்கும்போது வேர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வரும். உயரமான கறுப்புப் பிளாஸ்டிக்தான் என் தேர்வு. கிழட்டுக் குமிழை ஓரத்தில் ஒட்டி, புது முளை நடுப்பக்கம் பார்க்குமாறு வையுங்கள். குமிழின் அடி கலவையின் மேல் மட்டத்தில்தான் இருக்க வேண்டும், புதைந்தால் முளை அழுகும். செடி ஆடினால் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆடுகிற செடியின் வேர் நுனி உரசி உரசியே போய்விடும்.

அடுத்த இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். நிழல், இலைக்கு மட்டும் காலையில் தெளிப்பு. இலை கொஞ்சம் தொய்யும், பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். வெட்டுப்பட்ட வேர் ஆறவேண்டும். பிறகு மெல்ல நீர். புது வேர் பிடித்தபின், ஆறு வாரம் போல, உரம். ஜனவரிவரை தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமுள்ளது, பையில் போட்டிருப்பதில் பாதி அளவு. பிப்ரவரியிலிருந்து சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ளது. வெளிச்சம் போதுமா என்பதற்கு இலைதான் அளவுகோல்: கிரானி ஸ்மித் ஆப்பிள் மாதிரி இளம்பச்சை நிறம் இருந்தால் சரி. கரும்பச்சை அழகாக இருக்கும், பூக்காது.

கிழட்டுக் குமிழ்களை எறியாதீர்கள். கெட்டியாக இருப்பவற்றின் காய்ந்த உறையை உரித்தால் அடியில் சின்னப் பருபோல் கண் தெரியும். ஈர ஸ்பாக்னம் பாசியில் அடிப்பாகம் மட்டும் புதையவைத்து, பாலித்தீன் பையில் கட்டி நிழலில் மாட்டுங்கள். முளைக்க ஓரிரு மாதம் ஆகும், பூக்க மூன்று நான்கு வருடம். எனக்கு ஐந்தில் மூன்று முளைத்தன. ஒன்று இப்போது ஆயா வீட்டில்.

பிற்சேர்க்கை 2: கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் "இலை ஆப்பிள் நிறம்தான், ஆனாலும் பூவில்லை" என்கிறீர்கள். இந்தப் பெரிய பூ வகைகளின் மூதாதைகள் இமயமலை அடிவாரத்தையும் பர்மா மலைகளையும் சேர்ந்தவை. பூத்தண்டு எழும்ப இலையுதிர்காலத்தில் குளிர்ந்த இரவு வேண்டும். டர்பனில் அது குறைவு. பிப்ரவரியிலிருந்து வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள். ஜொகன்னஸ்பர்க்காரர்களுக்கு நேர்மாறு: குளிர் உண்டு, ஆனால் உறைபனி மொட்டைக் கருக்கிவிடும், இரவில் கூரைக்கடியில் வையுங்கள்.

பிற்சேர்க்கை 3: என் மூன்று பங்கில் ஒன்று இந்த ஆகஸ்டில் ஒரே ஒரு பூத்தண்டு விட்டது. மற்ற இரண்டும் இலைதான், அடுத்த வருடம் பார்க்கலாம். அந்த ஒரு தண்டிலும் ஒன்பது மொட்டில் ஆறைக் குரங்கு தின்றுவிட்டது. ரப்பர் பாம்பு வைத்துப் பார்த்தேன், இரண்டாம் நாள் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது கோழிவலைக் கூண்டு அடித்துக்கொண்டிருக்கிறேன்.