வளைகுடா வேலைக்குப் பணம் கட்டும் முன்

குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவில் சொந்தக்காரர் யாரும் இல்லாத குடும்பம் அபூர்வம். அது ஏமாற்றுபவர்களுக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும், போனிலேயே இன்டர்வியூ முடியும், மறுநாளே ஆஃபர் லெட்டர். அப்புறம் மெடிக்கலுக்கு, விசாவுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கேட்பார்கள். ஒரு தடவை கட்டியவருக்குப் பாதியில் விட மனம் வராது; அதுதான் அவர்கள் போடும் கணக்கு.

முதலில் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் எண், பெயர், முகவரி மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம், அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்" என்று மாமாவே சொன்னாலும் கூடாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் விட்ட சம்பவங்கள் உண்டு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைத்தான் கொடுக்கிறார்கள்.

ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால், வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு அதிகம்.